வாரியமும் மன்றமும்: 2019 சென்னைக் குடிநீர்த் தட்டுப்பாடும் உள்ளாட்சியின் வெற்றிடமும்

ஆய்வுச் சுருக்கம்

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை கடுமையான குடிநீர்த் தட்டுப்பாட்டுக்கு உள்ளானது. அப்பொழுது மாநகராட்சியில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை தனி அலுவலரே மாநகரை ஆண்டார். குடிநீர் வழங்கும் பொறுப்போ அதற்கும் முன்பே, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாநகராட்சியின் கையை விட்டு நீங்கியிருந்தது. மன்றத்திடம் அதிகாரம் இல்லாமை, மன்றமே இல்லாமை என்னும் இவ்விரு குறைபாடுகளும் தனித்தனி வரலாறு உடையவை. அவை ஒன்றுசேர்ந்தபோது மக்களின் அரசியல் மனக்கசப்பு எவ்வாறு வடிவெடுத்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஒப்பீட்டுக்குத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகர மன்றம் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உள்ளாட்சி, மாமன்றம், தனி அலுவலர், குடிநீர் வாரியம், 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், சென்னை, கேப் டவுன்.

முன்னுரை

சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 11,257 மில்லியன் கன அடியாகும். 2019 ஜூன் திங்களின் பிற்பகுதியில் அதில் நூற்றில் ஒரு பங்கு நீர்கூட எஞ்சியிருக்கவில்லை. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் என்னும் அளவில் நடைபெற்று வந்த வழங்கல் 52.5 கோடி லிட்டராகக் குறைக்கப்பட்டது. தெருக்குழாய்கள் வற்றின, உணவகங்கள் நண்பகல் உணவை நிறுத்தின, தகவல்தொழில்நுட்ப நிறுவனங்கள் பணியாளரை வீட்டிலிருந்தே வேலை செய்யுமாறு பணித்தன.

இதன் இயற்கைக் காரணங்கள் தெளிவானவை. 2018ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2015 டிசம்பரில் பெருவெள்ளம் கண்ட அதே நகரம் நான்காண்டுக்குள் வறட்சி கண்டது. ஏரிகளும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் கட்டடங்களுக்கு இரையானதும், நிலத்தடி நீர் வரைமுறையின்றி உறிஞ்சப்பட்டதும் பலராலும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. அவற்றை மீண்டும் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. தண்ணீர் குறைந்தபொழுது, இருந்த தண்ணீரை யார் யாருக்கு எவ்வளவு தருவது என்னும் முடிவு எங்கே எடுக்கப்பட்டது, அம்முடிவை எடுத்தவரிடம் கேள்வி கேட்க ஒரு தெருவாசிக்கு என்ன வழி இருந்தது என்பனவே இங்குள்ள வினாக்கள். மழையின்மை ஒரு பருவத்துக் கேடு. இவ்வினாக்களுக்கான விடை அரை நூற்றாண்டுக் கால ஆட்சி முடிவுகளில் உள்ளது.

வாரியம் என்னும் சொல்

சென்னையில் குடிநீர் வழங்கும் அமைப்பின் பெயர் ‘சென்னைப் பெருநகர்க் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம்’ என்பதாகும். வாரியம் என்னும் இச்சொல் தமிழ் ஆய்வாளருக்குப் புதியதன்று. சென்னைக்குத் தென்மேற்கே, இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்தரமேரூரின் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் ஆகியன இடம்பெறுகின்றன. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) இக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குவதற்காகப் பெரிதும் எடுத்தாளப்படுபவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புதோறும் பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் இடப்பட்டு எடுக்கப்பட்டன. அவ்வாறு வந்தோரிலிருந்து அறுவர் ஏரி வாரியத்துக்கு அமர்த்தப்பட்டனர். பொறுப்புக் காலம் 360 நாள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் ஓலையில் பெயர் எழுதப்படும் தகுதியை இழந்தனர்.

இக்கல்வெட்டை வைத்துப் பழந்தமிழகத்தில் மக்களாட்சி தழைத்தது என்று பெருமை பேசும் வழக்கம் மேடைகளில் மட்டுமன்றி ஆய்வேடுகளிலும் உண்டு. அது மிகை. உத்தரமேரூர்ச் சபை பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, மந்திர பிராமணம் அறிந்திருத்தல் ஆகியவை தகுதிகளாக விதிக்கப்பட்டன. ஏரியில் தூர் எடுத்தவரும் வயலில் உழுதவரும் அக்குடத்தின் அருகே வர இயலாது. எனினும் ஒரு செய்தி இங்குக் கருதத்தக்கது. நீரைப் பங்கிடும் பொறுப்பும், கணக்குக் காட்டும் கடமையும், ஓராண்டில் பதவி நீங்கும் விதியும் அவ்வூரில் ஒரே அமைப்பில் இணைந்திருந்தன. இருபதாம் நூற்றாண்டில் ‘போர்டு’ என்னும் சொல்லுக்கு நிகராக வாரியம் மீட்டெடுக்கப்பட்டபோது சொல் வந்தது. அதனோடு இருந்த தேர்வும் கணக்கும் காலவரையறையும் வரவில்லை. இன்றைய குடிநீர் வாரியத்தின் தலைவர் உள்ளாட்சித் துறை அமைச்சர். நிருவாக இயக்குநர் இந்திய ஆட்சிப் பணி அலுவலர்.

மாநகராட்சியின் கையில் நீர் இருந்த காலம்

சென்னை மாநகராட்சி 1688இல் தோற்றுவிக்கப்பட்டது. செங்குன்றம் ஏரி நீர் 1872 முதல் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் முழு வடிவம் பெற்றது. இவற்றை நடத்தியது நகராட்சி மன்றமே. அக்காலத்தில் வாக்குரிமை சொத்துடையோர்க்கே உரியது என்பதும், குழாய்கள் முதலில் எத்தெருக்களை அடைந்தன என்பதும் தனியே ஆராயத்தக்கவை. ஆயினும் தண்ணீர் பற்றிய வாதம் நிகழும் இடமாக மன்றம் இருந்தது.

இதற்குச் சிறந்த சான்று பூண்டி நீர்த்தேக்கம். 1939இல் மேயராகப் பொறுப்பேற்ற எஸ். சத்தியமூர்த்தி, நகரின் நீர்ப்பற்றாக்குறையைத் தீர்க்கக் கொசத்தலையாற்றின் குறுக்கே அணை வேண்டும் என வலியுறுத்தினார். இரண்டாம் உலகப்போர் தொடங்கியிருந்த காலம் அது; காங்கிரசு அமைச்சரவையும் பதவி விலகியிருந்தது. அத்தகைய சூழலிலும் 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பணி 1944இல் முடிந்தது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே சத்தியமூர்த்தி மறைந்துவிட்டார். நீர்த்தேக்கம் இன்றும் அவர் பெயரால் சத்தியமூர்த்தி சாகர் என்றே வழங்குகிறது. ஓராண்டுக் காலம் மட்டுமே பதவியில் இருக்கத்தக்க ஒரு மேயர், ஆங்கிலேய ஆளுநரிடம் வாதிட்டு ஓர் அணையைப் பெற முடிந்தது என்பது மன்றம் என்னும் மேடையின் வலிமையைக் காட்டுகிறது.

இம்மேடை 1973இல் அகற்றப்பட்டது. வருகைப் பதிவேட்டில் போலிப் பெயர்களைச் சேர்த்துக் கூலி பெற்றதாக எழுந்த ‘மஸ்டர் ரோல்’ ஊழல் புகாரைத் தொடர்ந்து, மாநில அரசு மாமன்றத்தைக் கலைத்தது. ஊழலைக் களைவதற்கான இடைக்கால நடவடிக்கையாகத் தொடங்கிய தனி அலுவலர் ஆட்சி 23 ஆண்டுகள் நீடித்தது. மாநிலத்தில் இரு கழகங்களும் மாறி மாறி ஆண்டபோதும், இடையே குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தபோதும் சென்னைக்கு மட்டும் மன்றம் வரவில்லை.

குடிநீர் வாரியச் சட்டம் இந்த இடைவெளியில்தான், 1978இல், இயற்றப்பட்டது. மாநகராட்சியின் நீரேற்று நிலையங்கள், குழாய்கள், பணியாளர்கள், வரி விதிக்கும் உரிமை ஆகியவை வாரியத்துக்கு மாற்றப்பட்டன. வேகமாக வளரும் நகருக்குத் தொழில்நுட்பத் திறனும் கடன் பெறும் தகுதியும் உடைய தனி அமைப்பு தேவை என்னும் வாதம் பொருளற்றதன்று. ஆனால் ஒரு மாநகராட்சி தன் முதன்மைப் பொறுப்பை இழந்தபோது அதை எதிர்த்தோ ஆதரித்தோ கைதூக்க அங்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. வாரியத்தின் பிறப்பைப் பேசும் நிருவாக வரலாறுகள் பெரும்பாலும் கடந்து செல்லும் செய்தி இது.

அதிகாரமற்ற மன்றம்

1992ஆம் ஆண்டு 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆவது அட்டவணையில் உள்ள 18 பொருள்களுள் ஐந்தாவது, வீட்டுப் பயன்பாட்டுக்கும் தொழிலுக்கும் வணிகத்துக்குமான நீர் வழங்கல். ஆனால் அப்பொருள்களை நகராட்சிகளுக்குக் கட்டாயம் அளிக்க வேண்டும் என்று உறுப்பு 243W கூறவில்லை. மாநிலச் சட்டமன்றம் அளிக்கலாம் என்றே கூறுகிறது. இந்த ‘லாம்’ விகுதியில் சென்னையின் நீர் நின்றுவிட்டது. 1996இல் தேர்தல் நடந்து, மு.க. ஸ்டாலின் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயரானபோது, மன்றம் மீண்டது, நீர் மீளவில்லை.

2003, 2004ஆம் ஆண்டுகளின் கடும் வறட்சியை இதற்கு ஒரு சோதனையாகக் கொள்ளலாம். அப்பொழுது தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இருந்தது. ஒருவர் இரு பதவி வகிக்கத் தடை விதித்த சட்டத்தால் மேயர் 2002இல் பதவியிழந்திருந்தார். துணை மேயர் பொறுப்பில் இருந்தார். ஏரிகள் வறண்டன, குழாய்வழி வழங்கல் நின்று லாரிகள் ஓடின. வீராணம் ஏரியிலிருந்து நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டமும், மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய 2003ஆம் ஆண்டு அவசரச் சட்டமும் மாநில அரசின் முடிவுகளே. மன்றம் இருந்தும் நீர் பற்றிய பெருமுடிவு எதுவும் அங்கிருந்து புறப்படவில்லை. ஆகவே தேர்தல் நடந்திருந்தால் 2019இல் தண்ணீர் வந்திருக்கும் என்று எவரேனும் கூறின் அது ஏற்கத்தக்கதன்று.

பெருமுடிவுகளுக்குக் கீழே வேறொரு தளம் உண்டு. ஒரு தெருவுக்கு லாரி எந்நேரம் வரும், தெருமுனைச் சிண்டெக்ஸ் தொட்டி எங்கே வைக்கப்படும், உடைந்த கைப்பம்பை யார் சீராக்குவார், குழாயில் கழிவுநீர் கலந்தால் யாரிடம் சொல்வது என்பன அத்தளத்தின் செய்திகள். சட்டப்படி இவை வாரியத்தின் பணிமனையைச் சேர்ந்தவை. நடைமுறையில் மக்கள் கவுன்சிலர் வீட்டுக்கே சென்றனர். கவுன்சிலருக்கு வாரியப் பொறியாளர் மீது ஆணையிடும் அதிகாரம் இல்லை. தொலைபேசியில் அழைத்துப் பேசும் செல்வாக்கு இருந்தது. இச்செல்வாக்கு சமமாகப் பயன்பட்டதில்லை. தம் கட்சியார் வாழும் தெருவுக்கு முதல் லாரி, எதிர்க்கட்சியார் தெருவுக்குக் கடைசி லாரி என்பது நகரில் பலரும் அறிந்த நடைமுறை. வீடு கட்டவும் ஆழ்துளைக் கிணறு தோண்டவும் கவுன்சிலர்கள் பணம் கேட்கின்றனர் என்னும் புகாரும் பரவலாக இருந்தது. 2016இல் மன்றம் மறைந்தபோது நகரம் அதை எண்ணிப் பெரிதும் வருந்தாமைக்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

மன்றமே இல்லாத காலம்

2016 அக்டோபர் 17, 19 ஆகிய நாள்களில் உள்ளாட்சித் தேர்தல் நடைபெறும் என அறிவிக்கப்பட்டது. பழங்குடியினர்க்கான இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை எனத் தி.மு.க. சார்பில் தொடரப்பட்ட வழக்கில், அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கைகளை நீக்கி, டிசம்பர் இறுதிக்குள் தேர்தலை முடிக்குமாறு ஆணையிட்டது. அக்டோபர் 24உடன் மன்றங்களின் பதவிக் காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். டிசம்பரில் தேர்தல் நடக்கவில்லை. அதன்பின் தனி அலுவலரின் பதவிக் காலம் ஆறு ஆறு மாதங்களாகச் சட்டத் திருத்தங்கள் வழியே நீட்டிக்கப்பட்டது. வார்டு மறுவரையறை, மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா மறைமுகமாகவா என்னும் முடிவில் அடுத்தடுத்து வந்த மாற்றங்கள், மாவட்டப் பிரிப்பு, வழக்கு, மேல்முறையீடு எனக் காரணங்கள் தொடர்ந்தன.

உறுப்பு 243U, நகராட்சியின் ஐந்தாண்டுக் காலம் முடியுமுன் தேர்தல் முடிக்கப்பட வேண்டும் என்கிறது. கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியுள்ளது. அவ்வாறிருந்தும் சென்னையில் 5 ஆண்டு 4 மாதம் மன்றம் இல்லை. இப்பழியை ஒரு கட்சியின் மீது மட்டும் சுமத்துவதும் பொருந்தாது. வழக்குத் தொடுத்தது எதிர்க்கட்சி. இட ஒதுக்கீடு பற்றிய அதன் வாதத்தில் நியாயம் இருந்தது. குறையைச் சில வாரங்களில் சீராக்கித் தேர்தல் நடத்தியிருக்கக் கூடியது ஆளுங்கட்சி, அது நடத்தவில்லை. 2021 மே திங்களில் ஆட்சி மாறிய பின்னரும் நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. 2019 ஏப்ரல் 18 அன்று இதே நகரில், இதே வாக்குச்சாவடிகளில் மக்களவைத் தேர்தல் அமைதியாக நடந்து முடிந்தது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

சென்னையில் தனி அலுவலராகச் செயற்பட்டவர் மாநகராட்சி ஆணையரே. மன்றம் இருக்கும் காலத்தில் ஆணையர் முன்மொழிவார். மன்றம் விவாதித்து ஏற்கும், திருத்தும், மறுக்கும். தனி அலுவலர் காலத்தில் ஆணையராக அவர் முன்மொழிந்ததைத் தனி அலுவலராக அவரே ஏற்றார். இதில் தனிமனிதக் குறை எதுவும் இல்லை. பலர் திறமையாகவே பணியாற்றினர். ஆனால் வரவு செலவுத் திட்டம் உட்பட எந்த முடிவிலும் ‘எங்கள் வட்டத்துக்கு இதில் என்ன இருக்கிறது’ என்று கேட்கும் குரல் பதிவேட்டில் இல்லை. பணத்திலும் இழப்பு நேர்ந்தது. 14ஆவது நிதிக்குழுவின் மானியம் முறையாக அமைந்த உள்ளாட்சி மன்றங்களுக்கே உரியது என்பதால், மைய அரசு தமிழ்நாட்டுக்கு உரிய தொகையை நிறுத்தி வைத்தது.

2019 கோடை

தட்டுப்பாடு முற்றியபோது நகரம் சமமாகத் தாகமுறவில்லை. 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வட்டங்கள் 155இலிருந்து 200 ஆயின. புதிதாகச் சேர்ந்த பகுதிகள் பலவற்றில் குழாய் வலையமைப்பே இல்லை. அங்கு வாழ்ந்தோர் முன்பு தம் பேரூராட்சித் தலைவரையோ நகராட்சித் தலைவரையோ அணுகினர். இணைப்புக்குப் பின் ஒரே ஒரு மாமன்றக் காலத்தைக் கண்டனர். அதன்பின் அதையும் இழந்தனர். பணம் உடையோர் தனியார் லாரியில் வாங்கினர். அதன் விலை வாரந்தோறும் ஏறியது. வாரியத்தின் லாரிக்குப் பதிவு செய்தோர் பல நாள், சில இடங்களில் பல வாரம் காத்திருந்தனர். இரண்டும் இயலாதோர் இரவு இரண்டு மணிக்குத் தெருமுனைத் தொட்டியருகே குடங்களை வரிசைப்படுத்தினர். இந்த இரவு விழிப்பு பெரும்பாலும் பெண்களின் மீதே விழுந்தது. மறுநாள் வீட்டு வேலைக்கோ கட்டட வேலைக்கோ செல்ல வேண்டிய பெண்கள் அவர்கள்.

குறை கூற வழியே இல்லை என்பதன்று. வாரியத்துக்குப் புகார்த் தொலைபேசி எண் உண்டு. மாதந்தோறும் பகுதி அலுவலகங்களில் குறைதீர்க்கும் கூட்டம் நடைபெறும். ஆனால் இவ்வழிகள் தனிமனிதரின் குறையைத் தனித்தனியே பெறுபவை. பில் தவறு, அடைப்பு, கசிவு ஆகியவற்றுக்கு அவை போதும். ‘பக்கத்து வட்டத்துக்கு நாள்தோறும் எட்டு லாரி, எமக்கு ஏன் மூன்று’ என்னும் வினா ஒருவரின் குறையன்று. அது பங்கீடு பற்றிய வினா. அதற்கு விடை தரத்தக்கவர் ஒரு பொறியாளர் அல்லர். இரு வட்டங்களின் பிரதிநிதிகளும் எதிரெதிர் அமர்ந்து, இருப்பது இவ்வளவு, பங்கு இவ்வளவு என்று வாதிட்டுப் பதிவு செய்யும் இடத்திலேயே அவ்வினா பொருள் பெறும். அவ்விடம் ரிப்பன் மாளிகையில் பூட்டிக் கிடந்தது.

எனவே வினா சாலைக்கு வந்தது. காலிக் குடங்களுடன் சாலை மறியல் என்பது தமிழ்நாட்டில் பழகிய போராட்ட வடிவம். 2019 மே, ஜூன் திங்கள்களில் நகரின் பல பகுதிகளில் அது நிகழ்ந்தது. மறியல் தொடங்கினால் காவல்துறை வரும், வாரிய அலுவலர் வருவார், ஒரு லாரி வரும், கூட்டம் கலையும். மறியல் செய்த தெருவுக்கு லாரி வந்ததைக் கண்ட அடுத்த தெரு தானும் மறியல் செய்தது. இதை வெறும் சினத்தின் வெளிப்பாடாகக் கருதுதல் போதாது. பங்கீட்டை மாற்றத்தக்க ஒரே வழியாக மறியல் எஞ்சியிருந்ததை மக்கள் சரியாகவே கணித்தனர். ஆனால் இவ்வழியில் கிடைக்கும் நீர் தேவையின் அளவுக்கன்று, கூட்டத்தின் அளவுக்கே கிடைத்தது. முதியோர் மட்டும் வாழும் தெருவும், வாடகைக்கு இருப்போர் மிகுந்த தெருவும், வீட்டுரிமையாளருக்கு அஞ்சும் தெருவும் மறியலில் இறங்கா.

மேல்தளத்தில் கட்சி அரசியல் தன் வழியே நடந்தது. ஊடகங்கள் நிலைமையை மிகைப்படுத்துகின்றன என ஆளுங்கட்சி கூறியது. அதன் சார்பில் கோயில்களில் மழை வேண்டி யாகம் நடத்தப்பட்டது. எதிர்க்கட்சி மாநிலம் முழுதும் ஆர்ப்பாட்டம் நடத்தியது. கேரளம் 20 லட்சம் லிட்டர் தர முன்வந்ததும், அதற்குத் தமிழக அரசு அளித்த விடையும் சில நாள் விவாதமாயின. ஜூன் 21 அன்று முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி, ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டி வழியே நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் கொண்டுவர 65 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என அறிவித்தார். ஜூலை 12 அன்று 50 பெட்டிகளில் 25 லட்சம் லிட்டருடன் முதல் வண்டி வில்லிவாக்கம் வந்தடைந்தது. அமைச்சர்கள் வரவேற்றனர், வண்டிக்கு மாலை அணிவிக்கப்பட்டது. அறிவித்தபடி ஒரு கோடி லிட்டரும் நாள்தோறும் வந்தாலும், அது குறைக்கப்பட்ட 30.5 கோடி லிட்டரில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே. அந்த ஒரு பங்கு எந்த வட்டங்களுக்குச் செல்லும் என்பதைக் கேட்டுப் பதிவு செய்யும் மன்றமும் இல்லை.

நீர் எடுக்கப்பட்ட ஊர்கள்

சென்னையின் தாகம் சென்னையின் எல்லைக்குள் தீர்வதில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் தாமரைப்பாக்கம், பூண்டி, மீஞ்சூர் முதலிய இடங்களின் கிணற்றுத் தொகுதிகளும், அன்றைய காஞ்சிபுரம் மாவட்ட ஊர்களின் வேளாண் கிணறுகளும், சிக்கராயபுரம் கல்குவாரிகளும் நகருக்கு நீர் ஈந்தன. தனியார் லாரிகள் புறநகர் ஊர்களில் இரவும் பகலும் நிரப்பின. தம் கிணறுகள் வற்றுவதைக் கண்ட ஊரார் சில இடங்களில் லாரிகளை மறித்தனர். ஜோலார்பேட்டைப் பகுதியிலும் எதிர்ப்பு எழுந்தது.

1987ஆம் ஆண்டுச் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி நீர் எடுப்பதற்கும் கொண்டு செல்வதற்கும் உரிமம் தருவது அரசு சார்ந்த அலுவலரே. கிராம ஊராட்சி அன்று. ஊராட்சிக்கு எஞ்சியிருப்பது தீர்மானம் நிறைவேற்றும் தார்மிக உரிமை. 2019 கோடையில் அதுவும் இல்லை. அங்கும் தனி அலுவலர்களே இருந்தனர். 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோது, புதிதாகப் பிரிக்கப்பட்டவை உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் விடப்பட்டன. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ஜோலார்பேட்டை அமைந்த திருப்பத்தூர் ஆகியவை அவ்வொன்பதில் அடங்கும். அவ்வூர்களுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் வந்தது. நீரை எடுத்த நகருக்கும் மன்றம் இல்லை. நீரைக் கொடுத்த ஊர்களுக்கும் மன்றம் இல்லை. லாரி ஓட்டுநரும் ஊர்ப் பெண்களும் சாலையில் எதிரெதிர் நின்றதே இரு தரப்பின் சந்திப்பாக அமைந்தது.

கேப் டவுன்: சண்டையிட்ட மன்றம்

மன்றம் இருப்பதே போதும் என்னும் எளிய முடிவுக்கு எதிரான சான்று தென்னாப்பிரிக்காவில் உண்டு. 2015 முதல் தொடர்ந்து மழை குறைந்த கேப் டவுனில், 2018 தொடக்கத்தில் குழாய்களை மூடும் நாள் குறிக்கப்பட்டது. ‘டே ஜீரோ’ என அறியப்பட்ட அந்நாள் ஏப்ரல், மே, ஜூன் என மாறி மாறி அறிவிக்கப்பட்டது. நகர மன்றம் ஜனநாயகக் கூட்டணிக் கட்சியின் கையில் இருந்தது. பெரிய அணைகள் பலவும் தேசிய அரசின் நீர்த்துறைக்கு உரியவை. அவ்வரசு ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் கையில் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டினர். அதனினும் வியப்பு, ஆளுங்கட்சிக்குள்ளேயே நடந்த போர். 2018 ஜனவரியில் மன்றம் வாக்கெடுப்பு நடத்தி, மேயர் பட்ரீசியா டி லில்லிடமிருந்து வறட்சி மேலாண்மைப் பொறுப்பைப் பறித்துத் துணை மேயரிடம் அளித்தது. கட்சித் தலைவர் மூசி மைமானே தாமே முன்னின்று அறிவிப்புகளை வெளியிட்டார். நகரின் நீர் முடிவுகளை மன்றத்தில் பதவி வகிக்காத ஒருவர் அறிவிப்பது முறையா என்னும் வினா எழுந்தது.

இது செயலிழந்த மன்றத்தின் காட்சியே. எனினும் அக்காட்சி வெளிப்படையாக நிகழ்ந்தது. சொத்து மதிப்பின் அடிப்படையில் வறட்சிக் கட்டணம் விதிக்கும் திட்டம் மன்றத்தின் முன் வந்தது, பல்லாயிரவர் எழுத்து வழி எதிர்ப்பைத் தெரிவித்தனர், திட்டம் கைவிடப்பட்டது. பிப்ரவரி 1 முதல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்னும் வரம்பு விதிக்கப்பட்டது. அது கடுமையானது, ஆனால் அதை விதித்தவர் யாரென்று மக்கள் அறிந்திருந்தனர். நகரின் நீர் நுகர்வு மூன்றாண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. மார்ச் தொடக்கத்தில் அவ்வாண்டுக்கு ‘டே ஜீரோ’ இல்லை என அறிவிக்கப்பட்டது. குடியிருப்பின் ஏழைப் பகுதிகளில் பொதுக்குழாயில் நீர் பிடிப்போர் வறட்சிக்கு முன்னரும் அவ்வரம்புக்குள்ளேயே வாழ்ந்தனர் என்பதையும் மறத்தல் கூடாது.

சென்னைக்கும் கேப் டவுனுக்கும் உள்ள வேறுபாடு திறமையில் இல்லை. மனக்கசப்பு சென்று சேரும் இடத்தில் உள்ளது. கேப் டவுனில் அது மேயர், மன்றம், கட்சி என்னும் முகவரிகளைக் கண்டது. டி லில் அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் பதவி விலகினார். சென்னையில் ஆணையர் மாற்றப்படலாம், பொறியாளர் மாற்றப்படலாம். வாக்காளர் நீக்கத்தக்கவர் எவரும் நகர அளவில் இல்லை.

2022க்குப் பின்

2022 மார்ச் 2 அன்று 200 உறுப்பினர்கள் பொறுப்பேற்றனர். மார்ச் 4 அன்று ஆர். பிரியா மேயரானார். பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் சென்னை மேயரானது இதுவே முதன்முறை. மாமன்றக் கூட்டங்களில் குடிநீர், கழிவுநீர் பற்றிய குறைகள் தொடர்ந்து எழுப்பப்படுகின்றன. அவற்றுக்கு விடையளிக்கக் கடமைப்பட்ட அமைப்பு மாமன்றத்துக்குக் கட்டுப்பட்டதன்று. 1978ஆம் ஆண்டு ஏற்பாடு மாறவில்லை. 1998ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோதும் வாரியம் வாரியமாகவே தொடர்கிறது.

இரு குறைபாடுகளில் ஒன்றையேனும் நீக்கும் வழிகள் இல்லாமலில்லை. வாரியத்தைக் கலைத்து மாநகராட்சியோடு இணைத்தல் பெரும்பணி. பெருநகர் முழுதும் பரவிய அமைப்பை ஒரு மாநகராட்சியின் கீழ் வைப்பதில் சிக்கல் உண்டு. வாரியத்தின் ஆட்சிக் குழுவில் மேயருக்கும் சுற்று வட்டார ஊராட்சித் தலைவர்களுக்கும் வாக்குரிமையுடன் இடம் அளித்தலும், வட்டவாரியான நாள் வழங்கல் கணக்கை மாமன்றத்தின் முன் மாதந்தோறும் வைப்பதைக் கட்டாயமாக்குதலும் அதனினும் எளியவை. பின்னதற்குப் புதிய சட்டமும் வேண்டியதில்லை. ஓர் அரசாணை போதும். பணிமனைகள் வட்டவாரியாகவே இயங்குவதால் கணக்கைத் தொகுப்பதும் அரிதன்று.

முதற்குறைபாட்டின் நிலை இவ்வாறிருக்க, இரண்டாவது வேறிடத்தில் மீண்டும் தோன்றியுள்ளது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக் காலம் 2025 ஜனவரி 5உடன் முடிந்தது. வார்டு மறுவரையறை முடியவில்லை என்னும் காரணம் கூறப்பட்டு, தேர்தலுக்கு மாறாகத் தனி அலுவலர்களை அமர்த்தச் சட்டம் திருத்தப்பட்டது. தாமரைப்பாக்கம், பூண்டி, மீஞ்சூர் கிணற்றுத் தொகுதிகள் அமைந்த திருவள்ளூர் மாவட்டத்தின் ஊராட்சிகளும் அவற்றுள் அடங்கும்.